எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஏன் கத்தியது

சவூதி வேலையை முடித்துக்கொண்டு பாளையம்பட்டி வந்து சேர்ந்த அன்றைக்கே ஒரு தீர்மானம் எடுத்தேன். இனி இந்த வீட்டில் கரண்டு சம்பந்தமாக எது கெட்டுப்போனாலும் வெளியாள் ஒருவன் வாசலை மிதிக்கக் கூடாது.

இப்படிச் சொல்ல எனக்குத் தகுதி இருந்தது. பத்தொன்பது வருஷம் தம்மாமில் ஒரு பெரிய கட்டடத்தின் பேட்டரி அறையில் இருந்தவன் நான். முதல் நாள் உள்ளே போனபோது, வரிசையாக நிற்பவை பேட்டரிகளா, கட்டிப்போட்ட எருமைகளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கட்டடம் முழுக்கக் கரண்டு போனாலும் அரை நொடியில் அந்த எருமைகள் எழுந்து பால் கொடுக்கும். அவற்றை மேய்த்தவன் ஜமால் மைதீன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் ஜமால் மைதீன்தான். உண்மையில் என் வேலை அங்கே ஒன்றே ஒன்று. அலாரம் அடித்தால் ஒரு மலையாளி இன்ஜினியருக்குப் போன் போட வேண்டும். அவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றால் நோட்டில் "ஃபால்ஸ் அலாரம்" என்று எழுத வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதிய ஃபால்ஸ் அலாரங்களைக் கோத்தால் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே வேலி போடலாம்.

தீர்மானத்தை என் மனைவி பரக்கத் நிஷாவிடம் சொன்னேன். "சரிங்க" என்றாள்.

எங்களுக்கு ஒரே மகள், ரிஸ்வானா. அவளை விருதுநகரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இனி நானும் நிஷாவும்தான். அவளுக்கு ஏதாவது துணையாக இருக்க வேண்டும், அவள் தனியாகச் சுமந்ததையெல்லாம் நான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விமானத்தில் உட்கார்ந்து நிஜமாகவே நினைத்தேன். இதை இப்போது சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. அவள் உட்பட.

நான் வந்த இரண்டாம் வாரம் அலாரம் அடித்தது.

பங்குனி வெயில். பகல் பதினோரு மணி இருக்கும். கரண்டு போனது. மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டர் கடமையாகப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டது. நான் ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. சிவப்பு லைட்டு எரிந்தது. அந்த லைட்டுக்குக் கீழே "ஓவர்லோடு" என்று போட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெட்டி எழுநூறு வாட் தாங்கும். வீட்டில் ஓடுவது மூன்று ஃபேன், இரண்டு டியூப் லைட்டு, ஒரு டி.வி. எல்லாம் சேர்த்தாலும் முன்னூறைத் தாண்டாது. இதில் எங்கே ஓவர், எங்கே லோடு?

"இது எப்ப இருந்து இப்படிக் கத்துது?" என்று நிஷாவைக் கேட்டேன்.

"நீங்க வந்ததுக்கு அப்புறந்தாங்க" என்றாள். சொல்லிவிட்டு ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் காயப்போடப் போனாள்.

நான் இன்வெர்ட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அதே நேரம் கொல்லையில் அவள் வாளியைச் சுவரில் மோதிய சத்தமும் கேட்டது. அலாரம் நின்றுவிட்டது. கை ராசி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, தேதி போட்டு, நேரம் போட்டு, பழைய பழக்கத்தில் எழுதினேன்: ஃபால்ஸ் அலாரம்.

அந்த மாதம் மட்டும் பதினேழு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் கரண்டு போகும், அது கத்தும், நான் ஓடுவேன், நிஷா வாளியோடு கொல்லைக்குப் போவாள், நான் தட்டுவேன், அது நிற்கும். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி காயப்போடுவாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மனுஷி தெரிவதில்லை.

பக்கத்து வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் கருணாகரன் வீடு. அவர் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மனைவி காளீஸ்வரி. வெளியே நம்மோடு தமிழ், வீட்டுக்குள் தெலுங்கு. காளீஸ்வரி நிஷாவுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. நான் வெளிநாட்டில் இருந்தபோது ரிஸ்வானாவுக்குக் காய்ச்சல் என்றால் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இவர்கள்தான்.

அந்த வீட்டில் தினமும் காலையில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நிற்கும். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் இறங்கி உள்ளே போவார்கள். யாரென்று நிஷாவைக் கேட்டேன். காளீஸ்வரியின் சொந்தக்காரர்கள் என்றாள். தினமுமா வருகிறார்கள் என்று கேட்டேன். அவுக ரொம்பப் பாசமான குடும்பம் என்றாள். அந்த வீட்டின் பின்னறையில் உர்ரென்று ஒரு சத்தம் நாள் பூராவும் கேட்கும். அது என்ன என்றேன். கிரைண்டர் என்றாள். நாள் பூராவுமா என்றேன்.

"அத்தனை சொந்தக்காரங்க வந்தா மாவு ஆட்ட வேண்டாமாங்க?" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது.

பதினெட்டாவது அலாரத்தில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முறைப்படி இறங்கினேன். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பவுடரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வாசலின் தடவினேன். வயரை இறுக்கினேன். ஒரு நாள் கரண்டு போனதும் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். போடும் முன் என்ன செய்யப் போகிறேன் என்று நிஷாவுக்கு நின்று விளக்கினேன், பொம்பளைக்கும் நாலு விஷயம் தெரியட்டுமே என்று. அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அன்று அரை மணி நேரம் எதைப் போட்டாலும் அலாரம் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிரைண்டரும் அன்று ஓய்வில் இருந்தது. நான் டி.வி.யைப் போட்டு உட்கார்ந்து கால் மணி நேரத்தில் பீப் பீப்.

கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். இந்தக் கதையில் நான் ஏமாந்ததெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். இதைச் சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது.

லோடைக் குறைத்துப் பார்க்கலாம் என்று அடுப்படி ஃபேனின் வயரைக் கழற்றிவிட்டேன். ஹால் ஃபேன் எனக்கு வேண்டும். டி.வி. வேண்டும். பெட்ரூம் ஃபேனில் பகல் தூக்கம் வேண்டும். மிச்சம் இருந்தது அடுப்படிதான். சித்திரை வெயில், எங்கள் ஊரில் வேப்பமரமே நிழல் தேடுகிற மாதம். அந்த அடுப்படிக்கு ஒரு ஜன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது. நிஷா "சரிங்க" என்றாள். மூன்று வாரம் அப்படியே சமைத்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு போட்டுவிட்டது. பார்த்தேன். பார்த்துவிட்டுப் பவுடர் போடச் சொன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

அப்படியும் அலாரம் நின்றபாடில்லை.

கடைசியில் அவளே ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், உங்களுக்கு ஆகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பஸ் ஸ்டாப்பில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிற தவசியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று. "ஆகவில்லை" என்ற வார்த்தை எனக்குச் சோற்றில் கல் மாதிரி அகப்பட்டது. இருந்தாலும் வேறு வழியில்லை. ரிப்பேருக்குக் கூப்பிடவில்லை, ஒரு ஆலோசனைக்காகத்தான் என்று சொல்லித் தவசியை வரவழைத்தேன்.

தவசி வந்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். அப்புறம் நிஷாவைப் பார்த்தார். நிஷா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"பாய், பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் தவசி. "லோடுதான் சாஸ்தி."

"என்ன லோடு? நானும் இவளுந்தானய்யா இருக்கோம்."

"அதான் பாய் எனக்கும் பிடிபடல" என்று தலையைச் சொறிந்தார். சொறிந்துகொண்டே, சில பெட்டிகள் வயசானால் இப்படித்தான், தாங்குகிற சக்தி போய்விடும், சின்னச் சுமைக்கும் கத்தும், இதை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் சத்தமே வராது என்றார்.

எனக்கு இது ஏற்புடையதாக இருந்தது. குற்றம் பெட்டியின் மேல் போனதில் ஒரு நிம்மதி. ஆனால் நிஷா குறுக்கே விழுந்தாள். பெரிது எதற்கு, நாம் இரண்டு பேர்தானே, பழையதே போதும், வேண்டுமென்றால் அதே அளவில் புதிதாக வாங்குவோம் என்றாள்.

இந்த இடத்தில் என் குணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் வேண்டாம் என்று சொன்ன எதையும் வாங்காமல் நான் கடையிலிருந்து திரும்பியதில்லை. அவள் போதும் என்றால் எனக்குப் பற்றாது. ஊருக்கு வரும்போதெல்லாம் அப்படித்தான். சின்ன ஃபிரிட்ஜ் போதும் என்றாள், ஆளுயரத்துக்கு வாங்கினேன். இப்போது யோசித்தால், எங்கள் வீட்டில் நல்லதாக இருக்கிற ஒவ்வொரு சாமானையும் அவள் ஒரு காலத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

அருப்புக்கோட்டை டவுனுக்குப் போனேன். கடைக்காரர் காட்டியதிலேயே பெரியதைக் கேட்டேன். வீட்டுக்கா என்றார். ஆமாம் என்றேன். கல்யாண மண்டபமா என்றார். வீடுதான் என்றேன். இரண்டு பேட்டரி, சக்கரம் வைத்த டிராலி, எத்தனை சதவீதம் லோடு என்று எண்ணில் காட்டுகிற டிஸ்ப்ளே. லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது நிஷா வாசலில் நின்று, "சொன்னா கேக்க மாட்டீகளே" என்று வருத்தமாகச் சொன்னாள். எனக்குள் ஒரு வெற்றி.

மாட்டுவதற்குத் தவசி வந்தார். இடத்தை அளக்கவில்லை, வயர் எவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர் மாதிரி வேலையில் இறங்கினார். நடுவில் என்னை டீ வாங்கிவர அனுப்பினார்கள். நான் திரும்புவதற்குள் முடித்துவிட்டார். அடுப்படி ஃபேனையும் அவரே மாட்டிவிட்டார். நான் சொல்லியிருக்க வேண்டிய வேலை அது. எனக்கு ஞாபகமே வரவில்லை.

அலாரம் நின்றது. கரண்டு போகும், வரும், ஒரு பீப் கிடையாது. நான் தெருவில் இறங்கி நடந்தேன். கருணாகரனிடம், தம்மாம் கட்டடத்தில்கூட இந்த மாதிரிப் பிரச்சினையை இவ்வளவு சுத்தமாக யாரும் தீர்த்ததில்லை என்றேன். அவர் காளீஸ்வரியைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மலையாளம் தெரியும், இந்தி தெரியும், சண்டை போடுகிற அளவுக்கு அரபி தெரியும். ஒரு சுவர் தள்ளி முப்பது வருஷமாகப் பேசுகிற தெலுங்கு தெரியாது.

அடுத்த வாரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறு சொந்தக்காரர்கள் வந்தார்கள். கிரைண்டர் சத்தமும் கூடியது.

ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். பிறகு புது அலாரம் ஆரம்பித்தது. இது வேறு சுருதி. ஓவர்லோடு இல்லை, பேட்டரி தீர்ந்துபோகிறது என்கிற சத்தம். என் கணக்குப்படி இரண்டு பேட்டரியும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு எட்டு மணி நேரம் ஓட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. புதுச் சாமான், நானே பார்த்து வாங்கியது. இதில் குற்றம் சொல்லவும் ஆளில்லை. நோட்டை மறுபடி எடுத்தேன். "ஃபால்ஸ்" என்று எழுதப் பேனா வரவில்லை.

வைகாசி கடைசியில் ஒரு புதன்கிழமை. நிஷா திருச்சுழியில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று பையோடு கிளம்பினாள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன் என்றாள். அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். பத்தரைக்குக் கரண்டு போனது.

வீட்டில் ஆள் இல்லை. விளக்கிச் சொல்ல யாரும் இல்லாததால் எதையும் விளக்காமல் வேலையில் இறங்கினேன். எல்லா சுவிட்சையும் அணைத்தேன். ஃபேன், லைட்டு, டி.வி., ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜர்கூட. வீடு மையித்து எடுத்துப் போன வீடு மாதிரி அமைதியாக இருந்தது. மாடிப்படிக்கு அடியில் குனிந்து டிஸ்ப்ளேயைப் பார்த்தேன்.

லோடு: அறுபத்திரண்டு சதவீதம்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அறுபத்து நாலு. ஐம்பத்தெட்டு. மறுபடி அறுபத்திரண்டு. யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது.

டார்ச் அடித்து வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். இரண்டு வயர் வீட்டுக்குள் போனது. மூன்றாவதாக ஒரு சாம்பல் நிற வயர், பைப்புக்குள் ஒழுங்காக நுழைத்து, சுவரில் கிளிப் அடித்து, கொல்லைக் கதவுக்கு மேலே போய், தண்ணீர்க் குழாயோடு குழாயாக ஒட்டிக்கொண்டு, சுவர் ஏறிக் கருணாகரன் வீட்டுக்குள் இறங்கியது. நல்ல வேலைப்பாடு. தம்மாமில் செய்திருந்தால் அந்த இன்ஜினியர் பாராட்டியிருப்பார்.

திரும்பி வந்து இன்வெர்ட்டரை அணைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் உர்ரென்ற சத்தம் ஒரே சமயத்தில் நின்றது. பிறகு ஒரு பெண் குரல் கேட்டது: "நிஷாக்கா, கரண்டு போச்சுக்கா."

அதற்கு என் மனைவியின் குரல் பதில் சொன்னது. "அது எப்படிப் போகும்? இப்பத்தான சார்ஜ் பாத்துட்டு வந்தேன்."

கருணாகரன் வீட்டு வாசலுக்குப் போனேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார். வாங்க பாய், கடை வரைக்கும் போய் ஒரு டீ சாப்பிடுவோம் என்றார். நான் அவரைப் பார்த்தேன். நல்ல மனுஷர், அவரால் அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. ஒதுங்கி நின்றார்.

பின்னறையில் ஆறு தையல் மெஷின்கள். ஆறு பெண்கள். தரையில் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் பள்ளிக்கூட அளவு அளவாக அடுக்கியிருந்தது. நடுவில் ஒரு நீளமான மேஜை. மேஜைக்குப் பின்னால் நிஷா. கழுத்தில் இஞ்ச் டேப், கையில் பெரிய கத்தரிக்கோல், மூக்கில் கண்ணாடி. அவள் கண்ணாடி போடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. கரண்டு கட் ஆனாலும் அங்கே துணி கட் ஆவது நிற்கவில்லை. காளீஸ்வரி ஜன்னலைத் திறந்து விட, வந்த வெளிச்சத்தில் அவள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"சுவிட்சை அணைச்சது நீங்களா?"

"ஆமா."

"போய்ப் போட்டுட்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள திருச்சுழி ஸ்கூலுக்கு உருப்படி போகணும். அப்புறம் பேசிக்கிருவோம்."

என்ன சொல்லலாம் என்று வழி நெடுக யோசித்து வைத்திருந்தேன். நல்ல நல்ல வார்த்தைகள். ஆறு பெண்களும் மெஷினில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

பிறகும் யாருக்கும் என்னோடு பேச நேரமில்லை. ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை அந்த மூட்டை வேண்டும் என்று எழுப்பி வேறு மூட்டை மேல் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெஷினுக்கு நூற்றெண்பது வாட். முன்பு மூன்று மெஷின், ஐந்நூற்று நாற்பது. நிஷாவுக்கு என்று வீட்டில் ஒரு லைட்டும் அடுப்படி ஃபேனும். பழைய பெட்டி அதை ஒரு சத்தமும் இல்லாமல் தாங்கியிருக்கிறது. அப்புறம் நான் வந்தேன். என் டி.வி., என் ஹால் ஃபேன், என் பெட்ரூம் ஃபேன். ஓவர்லோடு என்று அது அத்தனை தடவை கத்தியது பொய்யே இல்லை. அதை நிறுத்தியதும் என் தட்டு இல்லை, அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தச் சொன்ன அவள் வாளிச் சத்தம். லோடு நான்தான். அதை விட்டுவிட்டு அடுப்படி ஃபேனைக் கழற்றியிருக்கிறேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். நான்தான் ஆரம்பித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை நிஷா போனில் கேட்டிருந்தாள். சும்மா இருக்கிறேன், தையல் நன்றாக வருகிறது, காளீஸ்வரியும் நானும் சேர்ந்து ஸ்கூல் யூனிஃபார்ம் எடுத்துச் செய்யட்டுமா என்று. நம் வீட்டுப் பெண் ஊருக்குத் தைக்க வேண்டிய அவசியம் என்ன, நான் ஒருத்தன் இருக்கிறேன் இல்லையா என்று கேட்டேன். பெருமையாகத்தான் கேட்டேன். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, "நான் இருக்கிறேன்" என்று சொன்னது அப்போது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை.

"வேண்டாம்னு சொன்னதுக்கு நீ சரின்னு தான சொன்ன" என்றேன்.

"ஆமா."

"சரின்னா செய்ய மாட்டேன்னுதான அர்த்தம்?"

"நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம்."

ரசம் ஊற்றினாள். நான் விடவில்லை. மறுபடி ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா மறுபடி வேண்டாம்னு சொல்வீக. உங்களை எதுக்கு ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்ல வைக்கணும்னு விட்டுட்டேன்."

தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன். அவள் கழுத்தில் வேர்க்குரு ஆறிய தடம் இன்னும் கறுப்பாக இருந்தது. பத்தொன்பது வருஷம் எங்கேயோ ஒரு அறையில் சிவப்பு லைட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த இதைப் பார்க்கத் தெரியவில்லை.

"ஃபேனைக் கழட்டுனப்பவாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லிரலாம்னுதான் வந்தேன்" என்றாள். "நீங்க நோட்டும் டார்ச்சுமா அந்தப் பெட்டிகிட்ட உக்காந்திருந்தீக. ஊருக்கு வந்ததுல இருந்து அன்னைக்குத்தான் உங்க முகத்துல ஒரு தெளிச்சியப் பாத்தேன். அதைக் கெடுக்க மனசு வரல."

மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, நானும் வந்து ஏதாவது வேலை செய்கிறேன் என்றேன். கரண்டு, வயர், பேட்டரி எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அது தவசி பொறுப்பு, அவரிடம் பேசி முடிவாகிவிட்டது என்றாள் நிஷா. என் முகம் போன போக்கைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். சட்டைக்குப் பட்டன் வைக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது, ஆனால் ஆள் எடுப்பது காளீஸ்வரி, தான் சிபாரிசு செய்து பார்ப்பதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். காளீஸ்வரி, அண்ணன் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஊசியில் நூல் கோக்க எனக்கு முதல் நாள் பாதி போனது. விரலில் எட்டு இடத்தில் குத்தியது. ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாளில் நூற்றுப் பத்துச் சட்டைக்குப் பட்டன் வைத்தேன். நிஷா ஒரு சட்டையை எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு காளீஸ்வரியைப் பார்த்தாள். இருவரும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். என் மனைவிக்குத் தெலுங்கு தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் எனக்கு நிரந்தரமாக ஒரு வேலை கொடுத்தார்கள்: நான் வைத்த பட்டன்களையெல்லாம் பிரித்து எடுப்பது.